அம்மாவின் குரலை ஒன்பதில் வைத்த நாள்

கதிர்,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் முடிகிற விஷயத்துக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். காது மந்தமானதிலிருந்து நான் போனில் பேசுவதெல்லாம் சண்டை போடுவது மாதிரியே இருக்கிறது என்று மருமகள் திவ்யா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். இப்போது சொல்ல வேண்டியதைக் கத்திச் சொல்ல முடியாது. அதனால் பிளஸ் டூவில் நீ பாதி எழுதிவிட்டுப் போட்ட இயற்பியல் நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன், அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு போய் கிடார் வாசிக்கும் நண்பருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னாய். கொடு, நான் தடுக்கவில்லை. ஆனால் நீ அந்தப் பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால் இதைப் படித்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு மாதத்தில் நீயும் ஒரு பிள்ளைக்கு அப்பன் ஆகப்போகிறாய். அதுவும் என்னை அவசரப்படுத்துகிறது.

உன் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு நீ ஒன்று சொன்னாய். "அம்மா என்ன ஒரு தடவகூட பேர் சொல்லி கூப்ட்டதில்லப்பா. மத்த பசங்களோட அம்மாங்கல்லாம் தெருக்கோடில நின்னு கூப்டுவாங்க. நம்ம அம்மாவுக்கு எம்மேல பாசம் கம்மிதான்." நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். துக்கத்தில் போகிறார் என்று நீ நினைத்திருப்பாய். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்லத் தைரியம் இல்லை. இப்போது சொல்கிறேன். அவளுக்கு உன் மேல் பாசம் ஜாஸ்தி. அவள் உன்னைக் கூப்பிடாமல் போனதற்குக் காரணம் நான்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நாங்கள் மைக் செட் வைத்திருந்தோம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் போவேன். பௌர்ணமி என்றால் மட்டும் கிரிவலப் பாதையை விட்டு நகர மாட்டேன். எம லிங்கத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, அங்கிருந்து வரிசையாகப் புளிய மரங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டே போவேன். கூட்டத்தில் ஆளைத் தவறவிட்டவர்கள் பந்தலுக்கு வந்து சொல்வார்கள், உன் அம்மா மைக்கில் கூப்பிடுவாள். பெயர், வயது, ஊர், என்ன சட்டை, என்ன புடவை, யார் காத்திருக்கிறார்கள், எல்லாம் மூன்று தடவை. தொலைந்தது குழந்தை என்றால் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஊருக்குச் சொல்வதற்கு முன் அந்தக் குழந்தையிடம் பேசுவாள். "கண்ணு, பயப்படாத. நின்ன எடத்துலயே நில்லு. பக்கத்துல இருக்குற அக்கா கையப் புடிச்சுக்க." மைக்கை உதட்டோடு வைத்து, காதுக்குள் சொல்வது மாதிரி மெதுவாகத்தான் சொல்வாள். அவள் குரலைக் கேட்டு அழுகையை நிறுத்திய பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த மாதிரிப் பேச்சுக்கு என்னிடம் இருந்த டிரான்சிஸ்டர் செட்தான் சரி. உள்ளே போனது அப்படியே வெளியே வரும். வால்வு செட் வேறு ரகம். ஓர் அளவு வரைக்கும் அதுவும் ஒழுங்குதான். அதைத் தாண்டிச் சத்தம் கூட்டும் திருகைத் திருப்பினால் குரலின் உச்சியை அமுக்கி வளைத்து, அதில் இல்லாத சுருதிகளையும் சேர்த்து அனுப்பும். டிரான்சிஸ்டர் செட் அளவு மீறினால் கரகரவென்று வெட்டும், நம் கை தானாகக் குறைத்துவிடும். வால்வு அப்படிக் காட்டிக்கொடுக்காது. சத்தம் பெரிதாகிக்கொண்டே போவதாகத்தான் தோன்றும். சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கூட்டத்தை அடக்குகிறானே என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் இந்தக் கோளாறால் வந்தது. பாட்டுக்கு அது எடுப்பாக இருக்கும், பேச்சுக்கு ஆகாது. அதனால் திருகுக்குப் பக்கத்தில், ஆறாம் எண்ணுக்கு நேராக, உன் அம்மாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன். பேசும்போது அதைத் தாண்டக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

உனக்கு அப்போது ஐந்து வயது. சித்ரா பௌர்ணமி. நல்ல செட்டை முந்தின நாள் கீழ்பென்னாத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தேன், அது திரும்பி வரவில்லை. வால்வு செட்டைத்தான் பந்தலில் வைத்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். தார் ரோடு கொதித்தது, ஜனங்கள் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு நடந்தார்கள். நீ மஞ்சள் சட்டையும் நீல அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் வயர் துண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். நான் மரத்தில் ஏறிக் கழன்றுபோன ஒரு குழாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா யாரோ ஒரு பெரியவரின் பெயரைத் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துக் குனிந்து பார்த்தபோது மேசைக்கு அடியில் வயர் துண்டுகள் மட்டும் இருந்தன.

நான் இறங்கி ஓடி வருவதற்குள் அவள் மைக்கை எடுத்துவிட்டாள். முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணால் தேடிக்கொண்டே பேசினாள். "கதிர் கண்ணு, அம்மா பேசறேன். பயப்படாத. நின்ன எடத்துலயே நில்லு." மற்ற பிள்ளைகளிடம் பேசும் அதே மெதுவான குரல். அவள் பதறவில்லை, பதறியது நான்தான். இவ்வளவு மெதுவாகப் பேசினால் என் பிள்ளைக்கு எங்கே கேட்கும் என்று தோன்றியது. திருகைப் பிடித்துத் திருப்பினேன். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதில் விட்டேன். ரோட்டில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் பிள்ளைக்குக் கேட்கும் என்று நினைத்தேன். அவள் ஒன்றரை மணி நேரம் விடாமல் பேசினாள். குழாய்களெல்லாம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன, பந்தலுக்குள் இருந்த அவளுக்குத் தன் குரல் எப்படிப் போகிறது என்று தெரியவில்லை. ஒன்றரை மணி நேரமும் நான் அந்தத் திருகைத் தொடவில்லை.

ஐந்து மணி வாக்கில் மோர் விற்கிற ஒரு அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாய். "இந்தாம்மா ஒம்புள்ள. நிருதி லிங்கம் தாண்டி ரெண்டு பாறைக்கு நடுவுல பூந்துகினு குந்தினு இருந்தான். 'உங்க அம்மாதான்டா கூப்டுறாங்க, வா'ன்னா, 'அது எங்கம்மா இல்ல'ன்றான். தூக்கியாறதுக்குள்ள கடிச்சு வெச்சுட்டான்" என்று கையைக் காட்டினார். பிறகு நீயும் விக்கி விக்கிச் சொன்னாய். மரத்திலிருந்து யாரோ உன் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். பயந்து ஓடினாய். ஓடிப் போய் நின்ற இடத்தில் இன்னொரு மரம், அந்த மரத்திலும் அதே குரல், அதற்கும் உன் பெயர் தெரிந்திருந்தது. அடுத்த மரத்துக்கு ஓடினாய், அங்கேயும் அது உனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. கடைசியில் ரோட்டை விட்டு இறங்கிப் பாறை இடுக்கில் ஒளிந்தாய். இதெல்லாம் உனக்கு நினைவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய மரத்தடியில் நீ நிற்க மாட்டாய். காரணம் கேட்டால் உனக்கே சொல்லத் தெரியாது.

அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தபோதே நான் பெட்டிப் பக்கம் நகர்ந்து, திருகை ஆறுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு ஊட்டும்போது உன் அம்மா கேட்டாள், "ஏங்க, என் குரல் அவ்ளோ பயமாவா இருந்துச்சு?" அப்போதே சொல்லியிருக்கலாம். வேலையில் நான் தப்புப் பண்ணினேன் என்று அதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை, அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "மெஷின் இன்னா பண்ணும்? உள்ள போறதுதான் வெளிய வரும்" என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப நான்தான் கத்திட்டேன்போல. எனக்கே தெரியல" என்றாள். மறுநாள் காலையில் அந்தச் சிவப்புப் பொட்டை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். எதற்கு எடுத்தேன் என்றால், அது இருந்தால் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் மைக்கைத் தொடவில்லை. அது போகட்டும், உன்னையும் கூப்பிடவில்லை. தன் குரலில் தனக்கே தெரியாமல் ஏதோ இருக்கிறது, அதைக் கேட்டால் பிள்ளை ஓடிவிடுவான் என்று நம்பிவிட்டாள். வேங்கிக்கால் மைதானத்தில் நீ கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பாய். மற்ற பையன்களின் அம்மாக்கள் மாடியில் நின்று கூப்பிடுவார்கள். இவள் வெயிலில் நடந்து வந்து, மைதானத்தின் ஓரத்தில் நின்று, நீ திரும்பிப் பார்க்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருப்பாள். "உங்கம்மா ஊமையாடா?" என்று பசங்கள் கேட்டார்கள் என்று ஒருநாள் நீ பையைத் தூக்கி எறிந்தாயே, அன்றைக்கு அவள் சமையலறையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே வரக் கூடாதாம். நீ சென்னைக்குப் படிக்கப் போன அன்று பஸ் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டினாள். உன் கல்யாணத்தில், மாலையோடு நீ மேடையில் நின்றபோது, உன்னை ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சுற்றிலும் ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கே விஷயம் முழுசாகப் புரிந்தது ரொம்பக் காலம் கழித்துத்தான். நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம், ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், யார் சொன்னார்களோ, வால்வு செட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் கிடார். பெட்டியில் மாட்டி, திருகை நேராக ஒன்பதுக்குத் திருப்பினார். வாசித்துவிட்டு, டிரான்சிஸ்டர் செட்டிலும் மாட்டச் சொன்னார். போனில் சத்தத்தை அளக்கும் ஒன்றை வைத்திருந்தார். இரண்டு செட்டிலும் ஒரே எண் வரும்படி வைத்து வாசித்தார். என் காதுக்கு வால்வு செட் இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்டது. போன் கெட்டுப்போயிருக்கும் என்று மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், எண் மாறவில்லை. அவர் முதலில் போனைக் காட்டினார், பிறகு தன் காதைக் காட்டிச் சிரித்தார். அப்புறம் அவர் செய்ததுதான் என்னைக் கொன்றுவிட்டது. திருகை ஒன்பதிலேயே வைத்துவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் ஒரு சின்னக் கருவியை மாட்டி, அங்கே மட்டும் சத்தத்தைக் குறைத்து வாசித்தார். போனில் எண் இறங்கியது, ரகசியம் பேசும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் கேட்டால் யாரோ தொண்டை கிழியக் கத்துகிற மாதிரியே இருந்தது, கொஞ்சம் தூரத்திலிருந்து. ஒருவர் கத்தும்போது தொண்டை கிழியும். அதையே கேட்டுப் பழகிய காது, கிழிந்த குரல் எவ்வளவு சின்னதாக வந்தாலும் யாரோ கத்துகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறது. உன் அம்மா காதுக்குள் சொல்வது போலச் சொன்னாள். உன் காதுக்கு ஒரு பொம்பளை வெறிபிடித்துக் கத்தினாள்.

அவர் போனதும் நான் நேராகச் சமையலறைக் கதவு வரைக்கும் வந்தேன். உன் அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். அவள் நிமிர்ந்து, "இன்னாங்க, அவர் போய்ட்டாரா?" என்று கேட்டாள். "ஆங், போய்ட்டாரு" என்றேன். கீரைக் காம்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன். அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம் அவள் உயிரோடு இருந்தாள். ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு நாள் கொடுக்கப்பட்டது, நான் எதையும் பயன்படுத்தவில்லை.

இனிமேல் எழுதப்போவதை மருமகளிடம் சொல்லாதே. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள், பயந்துவிடுவாள். அந்தப் பெட்டியை மாசத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரமாவது ஓட விடாவிட்டால் உள்ளே கெட்டுவிடும். கூடத்தில் அலமாரி மேல் வைத்து, ஒரு குழாயை மட்டும் மாட்டி வைத்திருக்கிறேன். மைக் கிடையாது, மாட்டுகிற ஓட்டையில் தூசிதான் இருக்கிறது. போன சித்திரையில் ஒருநாள் மத்தியானம் போட்டேன். வால்வு சூடாக ஒரு நிமிஷம் ஆகும், அதன் பிறகு லேசாக இரைச்சல் வரும். அன்றைக்கு இரைச்சலுக்கு அடியில் ஒரு மூச்சு கேட்டது. மைக்கைப் பிடித்துப் பேசத் தொடங்குவதற்கு முன் உன் அம்மா இழுத்துக்கொள்ளும் அந்த மூச்சு. பிறகு அவள் பேசினாள். "கதிர் கண்ணு, அம்மா பேசறேன். பயப்படாத. வயசு அஞ்சு. மஞ்ச சட்ட, நீல அரைக்கால் சட்ட." மூன்று தடவை. திருகு நான்கில் இருந்தது. குரல் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை முடிந்ததும் மைக்கைக் கீழே வைக்கும் டொக் என்ற சத்தமும் கேட்டது.

நான் சும்மா நம்பிவிடுகிற ஆள் இல்லை. பழைய வால்வுக்கு ஒரு குணம் உண்டு, மைக்கே இல்லாமல் தானே மைக் மாதிரி ஆகிவிடும். பெட்டியைத் தட்டினால் தட்டியது குழாயில் மணி மாதிரி ஒலிக்கும், பக்கத்தில் இருமினால் இருமல் வெளியே வரும். தெருவில் யாரோ பேசியதைப் பிடித்திருக்கும் என்று வால்வை மாற்றினேன். அடுத்த மாசமும் அதே நேரத்தில் வந்தது. வெள்ளைக்காரர் வைத்திருந்த அந்த அளவு காட்டுவதை என் போனிலும் போட்டுக் குழாய்க்கு முன்னால் வைத்தேன். அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், எண் இருந்த இடத்தை விட்டு ஏறவில்லை. காது டாக்டரிடம் போனேன். மெல்லிய சத்தங்கள் எனக்குப் பாதிக்கு மேல் போய்விட்டனவாம். காலியான இடத்தில் மூளை தனக்குத் தெரிந்ததைப் போட்டு நிரப்பும், வயசானவர்களுக்குச் சகஜம் என்றார். நல்ல மனுஷர். நானும் ஒத்துக்கொண்டேன். சத்தம் ஒன்று, காது கேட்பது இன்னொன்று என்று அந்தப் பெட்டிதானே எனக்குக் காட்டியது. காற்றில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் காது கேட்கும்போல என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, மாசாமாசம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னால் நீ திட்டுவாய், எனக்கு அது ஒரு துணையாகக்கூட இருந்தது.

போன மாசம் ஒரு புதன்கிழமை மத்தியானம் உனக்குப் போன் பண்ணி, என்ன கலர் சட்டை போட்டிருக்கிறாய் என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? ஏன் கேட்டேன் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அவள் சொன்னது மாறிவிட்டது. "கதிர் கண்ணு, அம்மா பேசறேன். வயசு முப்பத்திரெண்டு. சாம்பல் கலர்ல கட்டம் போட்ட சட்ட. எடது கை கட்டவெரல்ல துணி சுத்தியிருக்கு." நான் பெட்டியை நிறுத்தாமல் அப்படியே வாசலுக்கு வந்துதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ சிரித்தாய். "எதுக்குப்பா கேக்கறீங்க? சாம்பல் கலர், கட்டம் போட்டது." "கை எப்பிடிடா கீது?" என்றேன். "காலைல வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கிச்சு. உங்களுக்கு யார் சொன்னது, திவ்யாவா?" என்றாய். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். திவ்யா சொல்லவில்லை. மூளை தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் நிரப்பும் என்றார் டாக்டர். உன் சட்டையும் உன் கட்டைவிரலும் எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு உள்ளே போனபோது உன் அம்மா மூன்றாவது தடவையின் கடைசி வரியில் இருந்தாள். பந்தல் காலத்தில் அந்த வரி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும், உங்க அம்மா இங்க காத்திருக்காங்க என்று முடியும். அன்றைக்கு, "ஒங்க அப்பா இங்க காத்திருக்கார்" என்று முடித்தாள்.

அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. பயமா என்று கேட்டால், பயம்தான். உயிரோடு இருந்தபோது அவளிடம் நான் மறைத்தது அவளுக்கு இப்போது தெரிந்திருக்கிறதோ என்ற பயம். என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டியிருக்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. அவள் இன்னும் உன்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் பாறை இடுக்கில் போய் ஒளிந்த பிள்ளை இன்னும் அவளிடம் வந்து சேரவில்லை. வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறவன் நான். நான் விலகுவதற்கு இருந்த ஒரே வழி இந்தக் கடிதம்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் அப்பன் என்கிற உரிமையில் இரண்டு வார்த்தை. உன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. தினமும் கூப்பிடு, காரணமே இல்லாமல் கூப்பிடு. பிள்ளையைக் காணோம் என்று பயம் வரும்போது உன் கை எதையாவது பிடித்துத் திருப்பப் பார்க்கும், அப்போது திவ்யா கொஞ்சம் நிறுத்து என்றால் நிறுத்து. நீ என் பிள்ளை, நீயும் திருப்புவாய், அது எனக்குத் தெரியும். திருப்பிவிட்டாய் என்றால், நான்தான் திருப்பினேன் என்று அன்றைக்கே சொல்லிவிடு. அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் சொல்லாததால் ஒரு பொம்பளை தன் குரலைப் பார்த்துத் தானே பயந்துகொண்டு வாழ்ந்துவிட்டுப் போனாள், நீ அம்மா இல்லாத பிள்ளை மாதிரி வளர்ந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குள் வந்துவிடு. சாப்பாடு இங்கேதான். வரும்போது மருமகளிடம் சிவப்பு நகப்பூச்சு ஒன்று வாங்கி வா. உன் அம்மாவின் பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது, ஆனால் காய்ந்து கல்லாகிவிட்டது. உன் கையாலேயே ஆறுக்கு நேராக அந்தப் பொட்டை வை, நண்பருக்குக் கொடுத்தாலும் பொட்டோடு கொடு. அதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் என்னோடு கூடத்தில் உட்கார். நான்கில் வைத்திருப்பேன், அதற்கு மேல் போக மாட்டேன். உனக்கு ஒன்றுமே கேட்காமல் போகலாம். வெறும் இரைச்சல்தான்பா என்று நீ சொன்னால் நான் மறுக்க மாட்டேன், செட்டை வண்டியில் ஏற்ற நானே ஒரு பக்கம் பிடிப்பேன். ஆனால் இரைச்சலுக்கு அடியில் ஒரு மூச்சு கேட்டால், உன் பெயரும் நீ அன்றைக்குப் போட்டிருக்கும் சட்டையும் கேட்டால், எழுந்து ஓடிவிடாதே கண்ணு. நின்ற இடத்திலேயே நில். அது உன் அம்மாதான்.

அப்பா